பழைய டாங்கி மாடல் கிட் சேர்க்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டாங்கி, ஜீப், கவச வண்டி, பீரங்கி இழுக்கும் டிரக் என்று ராணுவ வாகனங்களின் பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளைச் சேர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி மேல் இருக்கும் ஓவியத்தைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். அதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிகிறது, எது உண்மையில் பழையது, எது பழைய அச்சில் நேற்று வார்த்தது, பெட்டிக்குள் எல்லாம் இருக்கிறதா, வீட்டுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும், சுங்கத்தில் என்ன தாள் கேட்பார்கள் என்று எதையும் யாரும் ஒரே இடத்தில் சொல்லி வைக்கவில்லை. ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒட்டிப் பெயின்ட் அடிப்பது எப்படி என்பது இதில் வராது, வாங்குவதும் காப்பதும் மட்டும்தான்.

1. முதலில் ஒரு எல்லை போடுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் பணமும் தீரும், அலமாரியும் தீரும். அளவு, நிறுவனம், காலம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டையாவது முடிவு செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அளவைப் பொறுத்தவரை இன்றைக்கு ராணுவ வாகனம் என்றாலே 1/35தான், அதாவது நிஜ வண்டியின் 35ல் ஒரு பங்கு. ஆனால் பழைய காலத்துக்குப் போனால் நிலைமை வேறு. ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ் இரண்டும் 1/76, ஹாசெகாவா 1/72, மோனோகிராம் 1/32, அரோராவும் பண்டாயின் 1970களின் வரிசையும் 1/48, ரெவெல் 1950களில் 1/40. பண்டாயின் 1/48 கிட்டுகளில் என்ஜின், உள்ளறை எல்லாம் இருக்கும், அதனால் அவற்றுக்கென்று தனிக் கூட்டமே உண்டு. இடம் குறைவாக இருக்கிறவர்களுக்கு 1/76, 1/72தான் என் சிபாரிசு. பெட்டி சின்னது, அனுப்பும் செலவு குறைவு, மேட்ச்பாக்ஸ் கிட்டுகளில் வண்டியை நிறுத்தி வைக்க ஒரு குட்டிக் காட்சித் தளமும் சேர்ந்தே வரும். டாமியாவின் 1/25 பெரிய டாங்கிகளை முதல் வாங்கலாக எடுக்காதீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் இடம் தேடி அலைவீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். பெட்டியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, என்றாவது ஒட்டப் போகிறீர்களா? வைத்துக்கொள்கிறவருக்குப் பெட்டியின் மூலை முக்கியம். ஒட்டப் போகிறவருக்குப் பெட்டி கிழிந்திருந்தால்தான் லாபம், உள்ளே பாகங்கள் முழுசாக இருந்தால் போதும். இந்த இரண்டு பேரும் ஒரே கிட்டுக்கு ஒரே விலை கொடுக்கக் கூடாது.

2. அச்சின் வயது வேறு, பெட்டியின் வயது வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் கிட் வார்க்கும் எஃகு அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். நிறுவனம் மூடினாலும் அச்சு விலைபோய் வேறொருவர் கைக்கு மாறி, வேறு பெட்டியில் அதே பாகங்கள் வரும். எஸ்சி என்ற இத்தாலிய நிறுவனத்தின் அச்சுகள் ஏஎம்டி-எர்ட்டில் பெயரில் வந்தன, பிறகு இட்டாலேரியிடம் போயின. மேட்ச்பாக்ஸ் கிட்டுகள் பின்னாளில் ரெவெல் பெட்டியில் வந்தன. பீர்லெஸ் மாக்ஸ் டிரக்குகள் ஏர்ஃபிக்ஸ், டெஸ்டர்ஸ், இட்டாலேரி என்று ஊர் சுற்றியிருக்கின்றன. டாமியாவின் சீஃப்டன் டாங்கி அச்சு 1970களில் செய்தது, அதன் பிறகும் பல முறை வார்த்துவிட்டார்கள்.

ஆகவே டாங்கியின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் ஆண்டைக் காட்டி "பாருங்கள், 1974 கிட்" என்று ஒருவர் சொன்னால், அது அச்சு செய்த ஆண்டு, அவ்வளவுதான். அந்த அச்சிலிருந்து உங்கள் பெட்டி எப்போது வந்தது என்பதை வேறு தடயங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட காப்புரிமை ஆண்டும் இப்படியே, ஓவியத்தின் ஆண்டாகக்கூட இருக்கலாம்.

நான் பார்க்கும் தடயங்கள்:

பார்கோடு. பார்கோடு கடைகளில் பயன்பாட்டுக்கு வந்ததே 1974ல், ஜப்பானில் 1978ல். பெட்டியில் பார்கோடு அச்சிட்டிருந்தால் 1970களின் முற்பகுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பார்கோடு இல்லை என்பதாலேயே பழையது என்றும் முடிவு கட்டாதீர்கள், எல்லா நிறுவனமும் ஒரே நாளில் மாறவில்லை.

முகவரி. அமெரிக்கப் பெட்டியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963 அல்லது அதற்குப் பிறகு. ஜப்பானிய அஞ்சல் எண் 1968ல் வந்தது, ஏழு இலக்கமாக மாறியது 1998ல். ஜெர்மன் முகவரியில் நான்கு இலக்க எண் இருந்தால் 1993க்கு முந்தையது, ஐந்து இலக்கம் என்றால் அதற்குப் பிந்தையது. "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1990 வரைக்கும்தான்.

விலை. பிரிட்டிஷ் பெட்டியிலோ, பையில் வரும் கிட் என்றால் பையின் வாயை மூடி அடித்த தலைத்தாளிலோ ஷில்லிங்கில் விலை அச்சிட்டிருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தையது, அந்த மாதம்தான் அங்கே தசம நாணயத்துக்கு மாறினார்கள்.

உரிமையாளர் பெயர். ஏர்ஃபிக்ஸ் 1981ல் நொடித்து பாலிடாய் கைக்குப் போனது, 1986ல் ஹம்ப்ரால், 2006ல் ஹார்ன்பி. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மேட்ச்பாக்ஸ் பெட்டியில் அதைத் தயாரித்த லெஸ்னி நிறுவனத்தின் பெயர் இருந்தால் 1982ல் அந்த நிறுவனம் மூழ்குவதற்கு முந்தைய காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். ரெவெல், மோனோகிராம் இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்தால் 1986க்குப் பிந்தையது. இட்டாலேரியின் பழைய பெட்டிகளில் "இட்டாலேரேய்" என்று பெயர் ஒரு அசை நீளமாக இருக்கும்.

எண். டாமியாவின் மிலிட்டரி மினியேச்சர் வரிசையில் பழைய பெட்டிகளில் எம்எம் என்ற எழுத்துகளோடு மூன்று இலக்க எண் இருக்கும், பிற்காலத்தில் 35ல் தொடங்கும் ஐந்து இலக்க எண்.

அப்புறம், பெட்டிக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. பழைய ஜப்பானிய டாங்கிகள் பல மோட்டார் வைத்து ஓடும் பொம்மைகளாகத்தான் விற்பனைக்கு வந்தன. வண்டியின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் சுவிட்சுக்கும் பேட்டரி மூடிக்கும் கியர்பாக்ஸ் திருகுக்குமாக ஓட்டைகள் இருக்கும். மோட்டாரை எடுத்துவிட்டு மறுபடி வெளியிட்ட பெட்டியிலும் அந்த ஓட்டைகள் அப்படியே இருப்பது உண்டு. அதனால் "மோட்டார் கிட்" என்று விளம்பரத்தில் இருந்தால் மோட்டாரும் கியரும் உள்ளே இருக்கும் படத்தைக் கேளுங்கள், ஓட்டையைக் காட்டினால் போதாது.

ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்த அச்சு எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் பெட்டியில் வந்தது என்று ஒரு காலக்கோடு காட்டும். முதலில் அங்கே பாருங்கள், பிறகு மேலே சொன்ன தடயங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி.

3. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்

யார் வேண்டுமானாலும் என்ன விலை வேண்டுமானாலும் போடலாம். ஈபேயில் "விற்றவை" என்று வடிகட்டிப் பார்த்தால்தான் உண்மையில் எவ்வளவுக்குக் கை மாறியது என்று தெரியும். ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டு பேர் வீம்புக்கு ஏலம் ஏற்றிய நாளாக இருக்கலாம்.

"அரியது" என்ற சொல் விளம்பரத்தில் இருந்தால் அதற்கு ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே அரிய கிட்டை விற்கிறவர் பெரும்பாலும் பதிப்பு, பெட்டி எண், உள்ளே இருக்கும் தாள்கள் என்று விவரமாக எழுதியிருப்பார்.

அச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மறுவெளியீடு அறிவித்த உடனே பழைய பெட்டியின் விலை இறங்கும், முக்கியமாக ஒட்டுவதற்காக வாங்குகிறவர்கள் புதியதற்குப் போய்விடுவார்கள். ஏர்ஃபிக்ஸ் தன்னுடைய பழைய அச்சுகளை "விண்டேஜ் கிளாசிக்ஸ்" என்ற பெயரில் மறுபடி வெளியிடுகிறது. அந்த வரிசையில் வந்துவிட்ட 1/76 டாங்கிக்கு, முதல் பதிப்புப் பெட்டி வேண்டும் என்ற காரணம் இல்லாவிட்டால், கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

மொத்தமாக விற்கும் குவியல்கள் மலிவாகத் தெரியும். அதில் உங்கள் எல்லைக்குள் வரும் கிட்டுகளின் விலையை மட்டும் கூட்டிப் பாருங்கள். மற்றவற்றை விற்று ஈடுகட்டலாம் என்ற கணக்கு பெரும்பாலும் அலமாரியின் மேல்தட்டிலேயே முடிந்துபோகும்.

4. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

எல்லா ஸ்ப்ரூ சட்டங்களையும் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டங்கள்) மேசையில் பரப்பி ஒரே படமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செய்முறைத் தாளில் பாகங்களின் வரைபடம் இருக்கும், அதில் ஏ, பி, சி என்று சட்டங்களுக்குப் பெயர் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்முறைத் தாள் கையில் இல்லையென்றால் இணையத்தில் ஸ்கேன் பிரதி தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். சட்டத்திலிருந்து உதிர்ந்த பாகங்கள் இருந்தால் பை சீல் உடைந்திருக்கிறதா என்று கேளுங்கள். பை உடையவில்லை என்றால் உதிர்ந்ததும் உள்ளேதான் கிடக்கும்.

ஸ்ப்ரூ சட்டத்தில் சேராத பொருள்கள்தான் முதலில் காணாமல் போகும். டிராக் (டாங்கிச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை), டெக்கால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண்களும் சின்னங்களும்), சக்கரங்களுக்கான உலோக அச்சுக்கம்பி, திருகுகள், இழுவைக் கயிறுக்கான நூல், ரப்பர் டயர், வீரர்களின் உருவங்கள். இவை ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "முழுசாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

துணைத் தாள்களையும் விடாதீர்கள். 1970களின் மோனோகிராம் 1/32 கிட்டுகள் சிலவற்றில் ஷெப் பெய்ன் என்ற அமெரிக்க மாடல் கலைஞர் செய்த டயோராமாவை, அதாவது தளத்தோடு கூடிய குட்டிக் காட்சியை, எப்படி அமைத்தார் என்று விளக்கும் வண்ணத் தாள் ஒன்று இருக்கும். சேகரிப்பவர்கள் அந்தத் தாளையும் சேர்த்துத்தான் முழு கிட் என்று கணக்கிடுகிறார்கள். தாள் இல்லாத பெட்டிக்குத் தாள் இருக்கும் விலையைக் கொடுக்க வேண்டாம்.

இனி முக்கியமான கேள்வி. டிராக் எங்கே இருக்கிறது? தனிப் பையிலா, பாகங்களோடு ஒட்டியா? பழைய டாங்கிகளின் டிராக் மென்மையான வினைல். அதை நெகிழ வைக்கச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, கரைத்துவிடும். ஒரு விற்பனையாளர் "திறக்காதது, புத்தம் புதியது" என்று எனக்கு அனுப்பிய பெட்டியைத் திறந்தால், டிராக் படிந்திருந்த இடத்தில் ஆறு சக்கரங்களும் பிசுபிசுத்து, டிராக்கின் கட்டம் கட்டமான வடிவம் சக்கரத்தின் முகத்தில் அப்படியே பதிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி பளபளவென்றுதான் இருந்தது. சீல் உடையாத பெட்டிக்குள் இதை யாராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது, அதனால்தான் சீல் பெட்டிக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அதே மாதிரி, பழைய ஜப்பானிய கிட்டுகளில் ஒரு சின்ன ட்யூப் பசை சேர்ந்து வரும். அது கசிந்திருந்தால் பக்கத்துப் பாகங்கள் போயே போய்விட்டன. ட்யூபின் படத்தைத் தனியாகக் கேளுங்கள்.

சீல் பற்றி இன்னும் ஒன்று. பெட்டியை இறுக்கிச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் ஷ்ரிங் ராப், அதைச் சுற்றும் இயந்திரம் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது. ராப் புதிதாக இருந்து உள்ளே பெட்டி மூலை நசுங்கியிருந்தால், அல்லது கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு ராப்புக்கு அடியில் இருந்தால், பிறகு சுற்றியது என்று சந்தேகப்படுங்கள். ஜப்பானில் விற்ற கிட்டுகள் பெரும்பாலும் ராப் இல்லாமல்தான் வந்தன, இறக்குமதி செய்தவர்கள் சுற்றியிருக்கலாம். பெட்டியே நகலா என்று சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரியும், வீட்டுப் பிரின்டரில் எடுத்ததில் புள்ளிகள் தாறுமாறாகத் தெறித்திருக்கும்.

5. வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்கள்

கிட்டின் விலை என்பது செலவின் ஒரு பகுதிதான். மனக்கணக்குக்காக ஒரு உதாரணம், விகிதங்கள் நாட்டுக்கு நாடு மாறும். கிட் 100. ஜப்பானிய ஏலத் தளங்களில் வெளிநாட்டவர் பலர் நேரடியாக வாங்க முடியாது, இடைமுகவர் வழியாகத்தான் போக வேண்டும், அவருக்கு 10. விற்பவரிடமிருந்து முகவரின் கிடங்கு வரை அஞ்சல் 10. அங்கிருந்து உங்கள் நாட்டுக்கு 60. இதுவரை 180. தீர்வை 10 சதவீதம் என்று வைத்தால் 18. அதற்கு மேல் விற்பனை வரி 20 சதவீதம் என்றால் 198க்கு 39.60. கூரியர் சுங்க வேலை பார்த்ததற்கு ஒரு கட்டணம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 250. ஏலத்தில் 100 வரை போகலாம் என்று உட்காரும்போது, உண்மையில் 250 வரை போகத் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பல நாடுகளில் தீர்வையைப் பொருளின் விலைக்கு மட்டும் போடாமல், அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள் என்பதைக் கவனியுங்கள். அதனால் அனுப்பும் செலவு ஏறினால் வரியும் ஏறும்.

கூரியர்காரர்கள் கன அளவு எடை என்று ஒன்றைப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கம். 40×30×10 பெட்டி என்றால் 2.4 கிலோ. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அரைக்கிலோ கூட இருக்காது, ஆனால் 2.4 கிலோவுக்குத்தான் காசு. பெரிய பெட்டிக்கு அஞ்சல் துறை வழி மலிவாக இருக்கலாம், இரண்டையும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பெட்டியைத் தட்டையாக மடித்து, பாகங்களைத் தனியாக அனுப்புவதாகச் சிலர் சொல்வார்கள். ஒட்டப் போகிறவர் சரி என்று சொல்லலாம், பெட்டிக்காக வாங்குகிறவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

6. தாள்கள்

சுங்கத்தில் சிக்குவது பெரும்பாலும் தாளில் எழுதியதாலோ எழுதாததாலோதான். கீழே உள்ளவை கையில் இருந்தால் பாதித் தலைவலி போய்விடும்.

அஞ்சல் பார்சலில் சுங்க அறிவிப்புப் படிவம் ஒட்டியிருக்க வேண்டும். கடித வகைச் சிறு பொதி என்றால் மதிப்பு 300 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை சிஎன் 22, அதற்கு மேல் என்றாலும் பெரிய பார்சல் என்றாலும் சிஎன் 23. பொருளின் விவரம் என்ற இடத்தில் "டாங்கி", "ஏவுகணை வண்டி" என்று மட்டும் எழுதினால் யாராவது நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். "பிளாஸ்டிக் அளவுமாதிரி கிட், ஒட்டப்படாதது, பொழுதுபோக்குக்கு" என்ற பொருளில் எழுதச் சொல்லுங்கள். வகைப்பாட்டு எண் 9503.00, அளவு குறைத்த மாதிரிகள் பொம்மைகளோடு சேர்ந்து இதில்தான் வருகின்றன. பழம்பொருள் என்று எழுதினால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தலைப்பு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு, பிளாஸ்டிக் கிட் எதுவும் அந்த வயதை எட்டவில்லை.

சில நாடுகளில் 9503 என்றதும் பொம்மைப் பாதுகாப்புச் சான்று கேட்பார்கள். சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு வரும்போது விலக்கு உண்டா என்று உங்கள் நாட்டுச் சுங்கத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பார்சலில் ஒரே கிட் பல பெட்டி இருந்தால் வியாபாரம் என்று நினைப்பார்கள், தவிருங்கள்.

பணம் கட்டிய ரசீது, விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, விற்பவரோடு பேசிய செய்திகள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். விற்பனைப் பக்கம் சில வாரங்களில் மறைந்துவிடும், சுங்க அதிகாரி விலைக்கு ஆதாரம் கேட்கும்போது திரைப்பிடிப்புதான் உதவும்.

"பரிசு என்று போட்டு மதிப்பைக் குறைத்து எழுதட்டுமா?" என்று விற்பவர் அன்பாகக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், பார்சல் தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கிடைக்காது என்பது இன்னொரு பக்கம்.

இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் வாகனங்களை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பெட்டி ஓவியத்திலும் டெக்கால் தாளிலும் ஸ்வஸ்திகா இருக்கலாம். ஜெர்மனி உட்படச் சில நாடுகளில் அதைக் காட்டுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, விற்பனைத் தளங்களும் விளம்பரத்தைத் தூக்கிவிடும். அங்கிருந்து விற்கிறவர்கள் படத்தில் அதை மறைத்துப் போட்டிருப்பார்கள், பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை உரித்தால் ஓவியமும் சேர்ந்து வரும்.

7. காலக்கெடுகள்

பேபாலில் பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை என்று முறையிடப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். "நண்பர்கள், குடும்பம்" என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, கட்டணம் மிச்சம் என்று விற்பவர் கெஞ்சினாலும் அந்த வகையில் அனுப்பாதீர்கள். ஈபேயில் பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள். சர்வதேச அஞ்சலில் தொலைந்த பார்சலைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க, அனுப்பியதிலிருந்து ஆறு மாதம், அதை அனுப்பியவர்தான் தன் நாட்டு அஞ்சலகத்தில் தொடங்க வேண்டியிருக்கும் என்பதால் அவரோடு சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.

இடைமுகவரின் கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாட்களுக்கு எல்லை உண்டு. பல பெட்டிகளைச் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பினால் மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் கடைசிப் பெட்டிக்காகக் காத்திருந்து முதல் பெட்டிக்கு வாடகை கட்டுகிற நிலைக்குப் போகாதீர்கள். சேர்த்த மதிப்பு வரியில்லா வரம்பைத் தாண்டினாலும் மிச்சம் பிடித்தது போய்விடும்.

கடும் கோடையில் கப்பல் வழி அனுப்புவதைத் தள்ளிப் போடுங்கள். மூடிய கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் வெந்தால் நீளமான பாகங்கள் வளையும், டெக்கால் ஒட்டிக்கொள்ளும், மேலே சொன்ன வினைல் வேலையும் வேகமாக நடக்கும்.

8. பார்சல் வந்த அன்றே செய்ய வேண்டியது

திறப்பதை வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து வெட்டாமல் எடுங்கள். பாகங்களை அன்றைக்கே எண்ணிவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று அலமாரியில் ஏற்றினால் முறையிடும் காலம் போய்விடும்.

எண்ணி முடித்ததும் டிராக், ரப்பர் டயர், பாலிகேப் (சக்கரத்துக்குள் பொருத்தும் மென்மையான வளையம்) மூன்றையும் தனித்தனிப் பாலித்தீன் ஜிப் பைகளில் போடுங்கள். பை பாலித்தீனாக இருக்கட்டும், பிவிசி பை என்றால் அதே கசிவு ஆபத்து மறுபடி வரும். பசை ட்யூபைப் பெட்டியிலிருந்து வெளியேற்றுங்கள், முழுமைக்காக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தனியாக வையுங்கள். மோட்டார் கிட்டில் யாராவது பேட்டரி போட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சட்டங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தால் வெட்டி எறியுங்கள், ரப்பர் இளகி பிளாஸ்டிக்கில் கறையாக ஒட்டிக்கொள்ளும்.

வளைந்த அடித்தட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, நேராகப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் காட்டினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்து உருக்குலையும்.

டெக்கால் மஞ்சளாகியிருந்தால் ஜிப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வைப்பது பழைய வைத்தியம். சில நாள், சில வாரம் ஆகலாம், மஞ்சள் குறையும். தண்ணீரில் போட்டால் உடையுமா என்று சந்தேகம் இருந்தால் தேவையில்லாத ஒரு எண்ணை வெட்டிச் சோதித்துவிட்டு, உடைந்தால் முழுத் தாளுக்கும் திரவ டெக்கால் ஃபிலிம் ஒரு பூச்சு கொடுங்கள். ஒட்டாமல் சேர்த்து வைக்கிறவர்கள் இதில் கை வைக்காமல் விடுவதுதான் நல்லது.

9. வைக்கும் இடம்

வெயில் படாத, ஈரம் இல்லாத, ஆள் வாழும் அறை. பரணும் கார் நிறுத்தும் இடமும் கூடாது. வெயில் பட்ட பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து ஓவியம் முழுக்க நீலம் பாரித்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. மூடி போட்ட பெட்டிகளைப் படுக்கையாக அடுக்குங்கள், கனமானது அடியில், நான்கைந்துக்கு மேல் போனால் அடிப்பெட்டியின் மூடி குழிந்துவிடும். பழைய ஏர்ஃபிக்ஸ் பை கிட்டுகளின் காகிதத் தலைத்தாளில் அடித்திருக்கும் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள், ஈரம் இல்லாத இடத்தில் வைத்தால் துரு மேலே பரவாது. கிழிந்த மூலையில் சாதாரண செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். மூலையை உள்பக்கமாகக் காகிதக் கீற்றும் அமிலமில்லாத பசையும் வைத்து ஒட்டலாம்.

10. பதிவேடு

ஒரு விரிதாள் போதும். நிறுவனம், பெட்டி எண், அளவு, எந்தப் பதிப்பு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள், வாங்கிய தேதி, கிட் விலை, வீட்டு வாசல் விலை (இரண்டும் தனித்தனியாக), குறைபாடுகள், எந்த அலமாரி. ஒவ்வொரு பெட்டிக்கும் மேல் படம், பக்கப் படம், உள்ளே பரப்பிய படம். ரசீதும் சுங்கச் சீட்டும் ஸ்கேன் செய்து அதே எண்ணில்.

வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்பு தானாகச் சேரும் என்று நினைக்காதீர்கள். பல நிறுவனங்கள் ஒரு தொகைக்கு மேல் தனிப் பட்டியல் கேட்கும், சிலர் பொம்மை விலைக்குத்தான் இழப்பீடு தருவார்கள். விரிதாளையும் படங்களையும் காட்டி, எந்த மதிப்புக்குக் காப்பீடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பிரதி ஒன்றை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

இரண்டாவது பிரதியை விற்கும்போதும் இதே விரிதாள்தான் கை கொடுக்கும். டிராக் எங்கே இருந்தது, டெக்கால் எப்படி இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே எழுதிவிடலாம், பேரம் பேசுவது பாதியாகக் குறைந்துவிடும்.